இரவு பத்து மணி ஊழியம்

பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில், தெருமுனையில் நின்று போதைப்பொருள் விற்றுக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் யூஜின் ரிவர்ஸ் என்ற பெந்தெகொஸ்தே போதகர் ஒருமுறை மனம்விட்டுப் பேசினார். எங்கள் பிள்ளைகள் எங்களைவிட்டு உன் பின்னால் வருவது ஏன் என்பது அவர் கேள்வி. அவன் யோசிக்கவே இல்லை. பையன் பள்ளிக்கூடம் போகும்போதும், அம்மாவுக்கு ரொட்டி வாங்கக் கடைக்கு வரும்போதும், மாலையில் வீடு திரும்பும்போதும் தான் அங்கேயே நிற்பதாகச் சொன்னான். போதகர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. அதனால் அவன் ஜெயிக்கிறான், அவர்கள் தோற்கிறார்கள்.

ரிவர்ஸ் இந்தப் பதிலைப் பின்னாளில் மேடைதோறும் சொன்னார். 1990களில் பாஸ்டனின் கறுப்பினச் சபைகள் இளைஞர்களுக்காகச் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு பதிலிலிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம்.

ரிவர்ஸ் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் இல்லை. சிறுவயதில் பிலடெல்பியாவின் தெருக் கும்பல்களோடு திரிந்து, ஒரு போதகரின் கவனிப்பால் அதிலிருந்து மீண்டவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தபோது, கறுப்பின மாணவர்கள் சிலரோடு சேர்ந்து 1984இல் அசூசா கிறிஸ்தவ ஐக்கியம் என்ற சிறு சபையைத் தொடங்கினார். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வந்த பெயர் அது. 1988இல் இந்தச் சபை பல்கலைக்கழகச் சூழலை விட்டு டார்செஸ்டரின் ஃபோர் கார்னர்ஸ் பகுதிக்கு வந்தது. போதகரும் மனைவி ஜாக்குலினும் அங்கேயே குடியேறினார்கள். பாஸ்டனிலேயே வன்முறை மிகுந்த இடங்களில் ஒன்று அது. 1991இல் அவர்கள் வீட்டின் மீதே துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அவர்கள் வீட்டை மாற்றவில்லை.

அந்தக் காலத்து பாஸ்டனைப் புரிந்துகொள்ள கிராக் கொக்கைனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். 1980களின் பிற்பாதியில் வந்த இந்தச் சரக்கு சில டாலர்களுக்குச் சிறு பொட்டலங்களாக, தெருவிலேயே கைமாறியது. நிறைய விற்பனையாட்கள் தேவைப்பட்டார்கள். சிறுவர்கள் என்றால் கூலி குறைவு, பிடிபட்டாலும் தண்டனை குறைவு. கையில் காசும் சரக்கும் வைத்திருக்கும் பதினாறு வயதுப் பையனை யாரும் வழிப்பறி செய்யலாம்; அவன் போலீசிடம் போக முடியாது. எனவே துப்பாக்கி வாங்கினான். அவனிடம் துப்பாக்கி வந்ததும், விற்பனைக்கே சம்பந்தமில்லாத பக்கத்துத் தெருப் பையனும் பயத்தில் ஒன்று வாங்கினான். பிறகு ஒரு முறைப்பு, ஒரு கேலிப் பேச்சு போதும். 1988 ஆகஸ்டில் ராக்ஸ்பரி பகுதியில் தபால்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த 12 வயதுச் சிறுமி, வேறு யாருக்கோ வைத்த குறியில் செத்துப்போனாள். 1990இல், ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த அந்த நகரத்தில் 152 கொலைகள் நடந்தன.

போலீசை நம்பலாம் என்றால் அதுவும் இல்லை. 1989 அக்டோபரில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர், கர்ப்பிணியான தன் மனைவியைச் சுட்டுவிட்டு, ஒரு கறுப்பினத்தவன் சுட்டதாக நாடகமாடினார். போலீஸ் மிஷன் ஹில் பகுதியில் புகுந்து, கண்ணில் பட்ட கறுப்பின இளைஞர்களையெல்லாம் நிறுத்திச் சோதித்தது. ஒருவரைக் குற்றவாளி என்று ஸ்டூவர்ட் சுட்டிக்காட்டவும் செய்தார். உண்மை வெளிவரத் தொடங்கிய 1990 ஜனவரியில் ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டார். தவறாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் நகரத்தின் சார்பில் மேயர் மிஷெல் வூ மன்னிப்புக் கேட்டது 2023இல்தான். இடையில் ஓடிய முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் ராக்ஸ்பரியிலும் டார்செஸ்டரிலும் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தது.

சபைகளின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. பல சபைகளில் விசுவாசிகள் கொஞ்சம் வசதி வந்ததும் வேறு பகுதிகளுக்குக் குடிபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ஆராதனை முடித்துக் காரிலேயே திரும்பினார்கள். கட்டடம் ஏழைத் தெருவில் நின்றது; சபை வேறெங்கோ வாழ்ந்தது. கேம்பிரிட்ஜில் யூனியன் பாப்டிஸ்ட் சபையின் போதகராக இருந்த ஜெஃப்ரி பிரவுன் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பெரிய சபை, பெரிய கூட்டம், தொலைக்காட்சி ஊழியம் என்ற கனவோடு வந்தவர் அவர். 1990இல் அவருடைய சபைக்கு அருகில், போட்டிருந்த தோல் கோட்டுக்காக ஓர் இளைஞர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவர் எப்படியோ சபை வாசல்வரை வந்து சேர்ந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்பதுதான் பிரவுனை உலுக்கியது. விளக்குகள் அணைந்திருந்தன, உள்ளே யாரும் இல்லை. சபையில் இளைஞர் ஊழியம் என்ற பெயரில் எத்தனையோ நடந்துகொண்டிருந்தது. குத்தியவர்களும் குத்துப்பட்டவரும் அதில் எதிலும் இருந்ததில்லை.

1992 மே 14 அன்று வன்முறை சபைக்குள்ளேயே வந்தது. மட்டப்பான் பகுதியில் உள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எதிர்க் கும்பலைச் சேர்ந்தவன் என்று நினைத்து, துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பையனைச் சிலர் ஆராதனைக் கூடத்துக்குள் துரத்தி, ஜனங்கள் முன்னிலையில் கத்தியால் குத்தினார்கள். துப்பாக்கியும் வெடித்தது. குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் தேவாலயத்துக்குள் மட்டும் எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது.

நகரத்துப் போதகர்கள் திரளாகக் கூடிப் பேசினார்கள். பேசி முடித்ததும் பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். ரிவர்ஸ், பிரவுன், ரே ஹாமண்ட் ஆகியோரை மையமாகக் கொண்ட ஒரு சிறு குழு மட்டும் விடவில்லை. ஹாமண்ட் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். குண்டுக் காயத்தோடு வரும் பிள்ளைகள் எந்த நிலையில் வருவார்கள் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் குழு பத்து அம்சங்கள் கொண்ட திட்டம் ஒன்றை எழுதி, டென்பாயிண்ட் கூட்டணி என்று பெயர் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு சபையும் ஒரு தெருக் கும்பலைத் தத்தெடுக்க வேண்டும். வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்காக நீதிமன்றத்தில் பேச ஆள் அனுப்ப வேண்டும். தெருவிலேயே இளைஞர்களை ஒவ்வொருவராகச் சந்திக்க வேண்டும். நகர மையத்திலும் புறநகரிலும் உள்ள வசதியான சபைகள் ஏழைப் பகுதிச் சபைகளுக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எழுதியதில் பாதிகூட நடந்ததா என்பது சந்தேகம். நடந்தது முக்கியமாக ஒன்று: அவர்கள் நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து அதிகாலை இரண்டு மணிவரை, கலவரம் மிகுந்த தெருக்களில் நடந்தார்கள். முதல் வாரங்களில் யாரும் கிட்ட வரவில்லை. மாறுவேடப் போலீஸ் என்று சிலர் நினைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் புகைப்படம் எடுத்துப் போனதும் இவர்களும் போய்விடுவார்கள் என்று சிலர் காத்திருந்தார்கள். இவர்கள் அடுத்த வெள்ளியும் வந்தார்கள், அதற்கடுத்த வெள்ளியும் வந்தார்கள். குளிர்காலத்திலும் வந்தார்கள். பாஸ்டனில் ஜனவரி இரவு என்றால் உறைபனி. பிரசங்கம் செய்யவில்லை, துண்டுப் பிரசுரம் நீட்டவில்லை. பேசுவதைக் குறைத்துக் கேட்பதை அதிகமாக்கியதுதான் திருப்பம் என்று பிரவுன் பின்னர் சொன்னார். அவர்கள் எதிர்பார்த்துப் போனது ஈவு இரக்கமற்ற கொலைகாரர்களை. பார்த்ததோ பெரும்பாலும் பயந்துபோன பிள்ளைகளை. உயிரோடு இருபத்தொன்றாம் பிறந்தநாள் வருமா என்று சந்தேகப்பட்டவர்கள், வேலை கிடைத்தால் நாளைக்கே தெருவை விட்டுவிடத் தயாராக இருந்தவர்கள் அவர்களில் பலர்.

வெளியுலகம் வியந்து பேசியது இந்த இரவு நடையைத்தான். ஆனால் உண்மையான ஊழியம் அடுத்த நாள் காலையில் தொடங்கியது என்று நினைக்கத் தோன்றுகிறது. இரவில் அறிமுகமான பையன் திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நிற்பான். போதகர் அவனோடு போய் நிற்பார். பள்ளிக்கூடம் அவனை வெளியே அனுப்பியிருக்கும். தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுவார். வேலைக்கு விண்ணப்பம் எழுத உதவுவார். அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து அவள் அழுவதைக் கேட்பார். ரிவர்ஸின் சபை, ஒரு காலத்தில் போதை வியாபாரம் நடந்த பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்து, எல்லா பேக்கர் என்ற மனித உரிமைப் போராளியின் பெயரை அதற்கு வைத்தது. பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து படிக்கவும், பெரியவர்களோடு பேசவும், சும்மா இருக்கவும் ஓர் இடம் கிடைத்தது. பெண் பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் கவனித்தவர் ஹாமண்டின் மனைவி குளோரியா. அவரும் மருத்துவர், போதகர். பதின்வயதுப் பெண்களைக் கூட்டித் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிப் பார்க்கவைக்கும் ஓர் ஊழியத்தை அவர் நடத்தினார்.

இனி வருவது இந்தக் கதையின் கடினமான பகுதி.

ஆரம்பத்தில் போலீசுக்கு ரிவர்ஸைக் கண்டாலே ஆகாது. எந்தப் பையனைப் பிடித்தாலும் அவனுக்காக நீதிமன்றத்தில் வந்து நிற்கும் வம்புக்காரர் அவர். ரிவர்ஸுக்கும் போலீஸ் மீது மரியாதை இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் தினமும் அதே பிள்ளைகளையே துரத்திக்கொண்டிருந்ததால், மெல்ல மெல்ல ஒரு புரிதல் உண்டானது. பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும். மிகச் சிலரைத் தெருவிலிருந்து அகற்றாவிட்டால் மற்றவர்களைக் காப்பாற்ற முடியாது. யார் அந்தச் சிலர் என்று போதகர்களுக்கும் தெரிந்திருந்தது, கும்பல்களைக் கவனித்த போலீஸ் பிரிவுக்கும் தெரிந்திருந்தது. பேக்கர் இல்லத்தில் புதன்கிழமை தோறும் போதகர்கள், போலீஸ், நன்னடத்தை அலுவலர்கள், பள்ளி அதிகாரிகள் என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

போதகர் போலீசுக்குத் துப்புச் சொல்லலாமா? அன்றே பலர் இதைக் கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். ஹார்வர்டின் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் வின்ஷிப் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் கணிப்பில், சபைகள் போலீசுக்கு நிபந்தனையோடு கூடிய ஆதரவை அளித்தன. போலீஸ் உண்மையான குற்றவாளிகளை மட்டும் தொட்டு, ஒழுங்காக நடந்துகொண்டால் போதகர்கள் மக்கள் முன் அதை நியாயப்படுத்துவார்கள். எல்லை மீறினால் முதல் ஆளாகப் பத்திரிகைக்குப் போவார்கள். ஸ்டூவர்ட் விவகாரத்தில் நடந்ததைப் போல ஒரு பகுதி முழுவதையும் வளைத்துப் பிடிக்கும் வழி போலீசுக்கு இதனால் அடைபட்டது. போதகர்கள் கையில் இருந்த ஒரே பலம் அந்தத் தெருக்களில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. அது இரவு நடையில் சம்பாதித்தது.

இதே சமயம், ஹார்வர்டின் கென்னடி கல்லூரியிலிருந்து டேவிட் கென்னடி, ஆன் பீல், ஆண்டனி பிராகா ஆகிய மூவரும் ஒரு கணக்கெடுப்பை முடித்திருந்தார்கள். நகரத்தில் 61 கும்பல்கள், அவற்றில் ஏறக்குறைய 1,300 பேர். அந்த வயதினரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இவர்களைச் சுற்றியே நடந்தது. ஒரு தலைமுறையே கெட்டுவிட்டது என்று புலம்பிய பத்திரிகைகளுக்கு இந்த எண் நல்ல பதில். இதை வைத்து 1996இல் ‘சீஸ்ஃபயர்’ என்ற நடவடிக்கை தொடங்கியது. கும்பல் உறுப்பினர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து நேராகப் பேசினார்கள். உங்களில் ஒருவன் சுட்டாலும் கும்பல் மொத்தத்தின் மீதும் சட்டத்தின் எல்லாப் பிடியும் இறுகும் என்று போலீசும் அரசு வழக்கறிஞர்களும் சொன்னார்கள். அதே அறையில் போதகர்களும் நகராட்சியின் தெருப் பணியாளர்களும் இருந்தார்கள். வெளியே வர விரும்பினால் படிப்புக்கும் வேலைக்கும் நாங்கள் பொறுப்பு என்றார்கள். மிரட்டலுக்கு உதாரணமாக ஒரு சுவரொட்டியும் இருந்தது. பழைய குற்றப் பட்டியலோடு ஒரே ஒரு தோட்டா வைத்திருந்ததற்காக ஏறக்குறைய 20 ஆண்டு சிறைக்குப் போனவனின் கதை அது. ஒரு தோட்டாவுக்கு இருபது ஆண்டு என்பது எந்தக் கணக்கிலும் கொடூரமான தண்டனை. அந்தச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு போதகரும் நிற்க வேண்டியிருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்த வெற்றியைப் பேசக் கூடாது.

வெற்றி வந்தது. 1995 கோடையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள், பாஸ்டனில் 17 வயதுக்குட்பட்ட ஒருவர்கூடத் துப்பாக்கிக்குப் பலியாகவில்லை. 1990இல் 152 ஆக இருந்த கொலைகள் 1999இல் 31 ஆயின. சீஸ்ஃபயருக்குப் பிறகு மாதாந்திர இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாகப் பிராகாவின் குழு கணக்கிட்டது. செய்தித்தாள்கள் ‘பாஸ்டன் அற்புதம்’ என்று எழுதின. 1998 ஜூனில் நியூஸ்வீக் இதழின் அட்டையில் ரிவர்ஸின் முகம் வந்தது.

இது யாருடைய வெற்றி என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அந்தப் பத்தாண்டில் நியூயார்க் உட்பட நாடெங்கும் குற்றம் குறைந்தது. கிராக் மோகமே வடியத் தொடங்கியிருந்தது. 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பாஸ்டனின் வீழ்ச்சியைச் சீஸ்ஃபயரின் விளைவு என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. சபைகளின் பங்கைத் தனியே பிரித்து அளக்கும் தராசு யாரிடமும் இல்லை. ஆனால் அடுத்து நடந்தது ஒரு சாட்சியம்தான்.

2000இல் சீஸ்ஃபயர் கைவிடப்பட்டது. அதை நடத்திய போலீஸ் அதிகாரிகள் வேறு பொறுப்புகளுக்கு மாறினார்கள். புகழ் வந்த பிறகு போதகர்களுக்குள் பிணக்குகள் வந்தன. பிற நகரங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எண்ணியவர்கள் பணம் கொடுப்பதைக் குறைத்தார்கள். தொண்ணூறுகளில் சிறைக்குப் போனவர்கள் தண்டனை முடிந்து அதே தெருக்களுக்குத் திரும்பினார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் தெருவில் இல்லை. 2005இல் கொலைகள் மறுபடி எழுபதைத் தாண்டின. பிரவுன் உள்ளிட்டோர் மீண்டும் இறங்கினார்கள்; 2006இல் கும்பல் இளைஞர்களிடமே யோசனை கேட்டு, நன்றி அறிதல் நாளிலிருந்து புத்தாண்டு வரை ‘சமாதானப் பருவம்’ ஒன்றைப் பேசி முடித்தார்கள். சீஸ்ஃபயரும் புதுப்பிக்கப்பட்டது. 2024இல் பாஸ்டனில் 24 கொலைகள் நடந்தன; 1957க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. முப்பது ஆண்டுகளில் அந்த நகரத்தின் கொலைக் கணக்கு ஏறி இறங்கி, மீண்டும் ஏறி இறங்கியிருக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆட்கள் வீடு திரும்பியபோதுதான் அது ஏறியது.

சீஸ்ஃபயர் கைவிடப்பட்டிருந்த அந்த மந்தமான ஆண்டுகளிலும் ஒரு நல்ல வேலை தொடங்கியது. பாஸ்டன் இருக்கும் சஃபோக் மாவட்டச் சிறையில், மீண்டும் வன்முறையில் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்ட இளைஞர்களை, விடுதலைக்கு வெகுமுன்பே, உள்ளே வந்து சில வாரங்களிலேயே சந்திக்கும் திட்டம் அது. சபைகள் சார்ந்த அமைப்புகளிலிருந்து ஒரு வழிகாட்டி ஒவ்வொருவரோடும் பழகத் தொடங்குவார். வெளியே வரும் நாளில் குடும்பத்தாரோ அவரோ வாசலில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டத்தில் சேர்ந்தவர்கள் மீண்டும் கைதாவது, ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2009இல் வந்த ஆய்வு சொன்னது.

பாஸ்டனில் நடந்ததைப் பார்த்துச் சென்ற அரசியல் அறிஞர் ஜான் டியூலியோ, பிலடெல்பியாவில் இன்னும் இளைய பிள்ளைகளிலிருந்து தொடங்க விரும்பினார். பெற்றோர் சிறையில் இருக்கும் பிள்ளைகளே அடுத்த தலைமுறையில் சிறைக்குப் போகும் அபாயத்தில் அதிகம் இருந்தார்கள். அவர்களுக்குச் சபைகளிலிருந்து பெரியவர்களைத் துணையாகச் சேர்த்துவைக்கும் ‘அமாச்சி’ என்ற அந்தத் திட்டத்தை 2000இல் நடத்த வந்தவர், பிலடெல்பியாவின் முதல் கறுப்பின மேயராக இருந்து, பிறகு ஊழியத்துக்கு வந்த வில்சன் குட். அவர் பதின்வயதில் இருந்தபோது அவருடைய தந்தையே சிறைக்குப் போனார். உன்னால் கல்லூரிப் படிப்பு முடியாது என்று பள்ளியில் சொன்னபோது, ஒரு போதகரும் அவர் மனைவியும் சபையைக் கூட்டிப் பணம் திரட்டிக் குட்டைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு முன்னால் ஓர் ஆய்வு இருந்தது. ஒரு பெரியவரையும் ஒரு பிள்ளையையும் சேர்த்துவைக்கும் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பில், 10 முதல் 16 வயதுள்ள 959 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு அது, 1995இல் வெளிவந்தது. துணை கிடைத்த பிள்ளைகள் போதையைத் தொடத் தொடங்குவது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட 46 சதவீதம் குறைந்திருந்தது. யாரும் அவர்களுக்குப் போதை ஒழிப்பு வகுப்பு எடுக்கவில்லை. மாதத்துக்கு மூன்று முறைபோலச் சந்தித்து, பந்து விளையாடி, சாப்பிட்டு, பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதே தரவை வைத்து 2002இல் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் பெரியவர் விலகிப்போன பிள்ளைகளோ, ஆரம்பத்தில் இருந்ததைவிடத் தங்களையே தாழ்வாக எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஏற்கெனவே ஒரு பெரியவரை இழந்த பிள்ளைக்கு இன்னொருவரும் வராமல் போவது எப்படி இருக்கும் என்று யோசித்தால் இது வியப்பாகத் தோன்றாது. ஆர்வத்தோடு வந்து அரைகுறையாக விடுவதைவிட வராமலே இருப்பது நல்லது. இளைஞர் ஊழியம் தொடங்கும் எந்தச் சபையும் முதல் கூட்டத்திலேயே இதைப் பேசிவிட வேண்டும்.

அமாச்சி இதை விதியாகவே வைத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது, குறைந்தது ஓராண்டு வருவேன் என்று ஒப்புக்கொள்பவர்களை மட்டும் சேர்த்தார்கள். ஒவ்வொரு சபையிலும் ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்தி, யார் எத்தனை முறை சந்தித்தார்கள் என்று மாதந்தோறும் கணக்கு வாங்கினார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படித் துணை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. எந்தப் பள்ளியிலும் எந்த அலுவலகத்திலும் அவர்களுக்கென்று பட்டியல் இல்லை. குட் சிறைகளுக்குப் போய், உள்ளே இருந்த தாய்மாரிடமும் தகப்பன்மாரிடமும் பேசி, பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் இப்போது யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கினார். பிறகு அந்தந்த வீட்டுக்குப் போய், பிள்ளையை வளர்க்கும் பாட்டியிடமோ அத்தையிடமோ சம்மதம் கேட்டார்கள்.